கரண்ட் செலவு கம்மியா, மண்ணுக்கும் பாரமில்லாம ஒரு வீடு: பிளான் போடும்போதே பாக்க வேண்டியது

வீடு கட்டணும்னு முடிவானதும் நிறைய பேர் முதல்ல கேக்குறது மாடில எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்னுதான். அது கடைசில கேக்க வேண்டிய கேள்விங்க. வீட்டுக்குள்ள வந்த சூட்ட வெளிய தள்ளத்தான் ஏசி, ஏசிக்குத்தான் அவ்ளோ கரண்ட், அந்த கரண்ட்டுக்குத்தான் அவ்ளோ பேனல், அப்போ வெயில சுவருக்கு வெளியவே நிறுத்திட்டா பின்னாடி வர்ற மூணும் தானா சின்னதாயிடும். குளிர் ஊர்ல இருக்குறவங்களுக்கு இதே கணக்கு தலைகீழ், உள்ள இருக்குற சூட்ட வெளிய விடாம வச்சிருக்கணும். ரெண்டுமே பிளான் காகிதத்துல முடிவாகுற விஷயம். ஒரு ஜன்னல மேக்குலருந்து வடக்குக்கு மாத்த காகிதத்துல ரெண்டு நிமிஷம் போதும், ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் பீம் போட்டப்புறம்னா இடிக்கணும்.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம், வீட்டோட சைஸ். தேவையில்லாத ஒரு ரூம குறைச்சீங்கன்னா அதுக்கான சிமெண்ட், கம்பி, கல், பெயிண்ட், காலத்துக்கும் அத குளிர வைக்கிற கரண்ட், கூட்டிப் பெருக்குற வேலை எல்லாமே சேந்து குறையுது, வேற எந்த பொருள மாத்தினாலும் இந்த அளவு மிச்சம் வராது. வர்ஷத்துல நாலு நாள் வர்ற விருந்தாளிக்காக ஒரு பெட்ரூம் கட்டுறதுக்கு பதிலா ஹால்லயே ஒரு மூலைய திரை போட்டு மறைக்கிற மாதிரி வச்சா போதும்னு நான் நினைக்கிறேன். குடும்பம் பெருசாகும்னு தோணுச்சுன்னா மேல மாடி எடுக்குற மாதிரி அஸ்திவாரத்தையும் தூணையும் இப்பவே டிசைன் பண்ணச் சொல்லிடுங்க, படிக்கட்டுக்கு இடம் விட்டுடுங்க. கீழ்த்தளத்துல ஒரு பெட்ரூமும் படி இல்லாத ஒரு பாத்ரூமும் இருக்கட்டும், பெரியவங்களுக்கு முடியாம போகும்போது வீட்ட உடைச்சு மாத்துற வேலை வராது.

வெயில் எங்கருந்து வருதுன்னு பாருங்க

மனைல ஒரு ஆள் உயர குச்சிய நட்டு காலைல 9 மணிக்கு, மதியம், சாயங்காலம் 4 மணிக்கு நிழல் எங்க விழுதுன்னு சுண்ணாம்பால கோடு போடுங்க. பக்கத்து கட்டடத்தோட நிழல், மரத்தோட நிழல் எது வரைக்கும் வருதுன்னும் குறிச்சுக்கோங்க. ஒரு நாள் பாத்தது மட்டும் போதாது, ஏன்னா ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவுல மதிய சூரியனோட இடம் வானத்துல சுமார் 47 டிகிரி நகருது, அதனால மத்த மாசத்துக்கு சூரியன் போற பாதைய காட்டுற ஏதாவது ஒரு ஃபோன் ஆப்ப திறந்து அதே இடத்துல நின்னு பாருங்க. குச்சி உச்சில ஒரு துணி ரிப்பன் கட்டி விட்டா காத்து எந்தப் பக்கம்னும் தெரிஞ்சுடும்.

இப்போ வீட்டோட நீளமான பக்கங்கள் வடக்கும் தெக்கும் பாக்கணும், குறுகலான பக்கங்கள் கிழக்கும் மேக்கும் பாக்கணும். இது ஏன்னு ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், இத புரிஞ்சுக்கிட்டா பாதி டிசைன் முடிஞ்ச மாதிரி. பூமியோட வட பாதில மதிய சூரியன் தெக்குப் பக்கம் இருக்கும், தென் பாதில வடக்குப் பக்கம் இருக்கும், பூமத்திய ரேகைக்கு கிட்டன்னா சீசனுக்கு சீசன் பக்கம் மாறும். மதியம் சூரியன் 70 டிகிரி உயரத்துல நிக்குதுன்னு வைங்க, அதுக்கு நேர் எதிர்ல இருக்குற ஜன்னலுக்கு மேல 45 செ.மீ சன்ஷேட் இருந்தா சுவத்துல சுமார் 1.24 மீட்டர் வரைக்கும் நிழல் இறங்கும், 1.2 மீட்டர் உயர ஜன்னல் முழுசா மறைஞ்சிடும். அதே சன்ஷேட்ட மேக்குப் பக்க ஜன்னலுக்கு போடுங்க, சாயங்காலம் சூரியன் 25 டிகிரில நேரா எதிர்ல நிக்கும்போது நிழல் இறங்குறது வெறும் 21 செ.மீ. அந்த ஜன்னல முழுசா மறைக்கணும்னா சன்ஷேட் இரண்டரை மீட்டருக்கு மேல நீட்டணும், யாராலயும் முடியாது.

அதனால மேக்குப் பக்கத்துக்கு வேற வழிதான். ஜன்னல சின்னதா வைங்க, இல்ல வைக்காதீங்க. ஸ்டோர் ரூம், படிக்கட்டு, பாத்ரூம், சுவத்த ஒட்டின அலமாரி இதெல்லாம் அந்தப் பக்கம் தள்ளுங்க, பெட்ரூம் வேண்டாம், ஏன்னா மதியத்துக்கு மேல வாங்கின சூட்ட அந்த சுவரு நீங்க படுக்குற நேரத்துலதான் உள்ள விடும். ராத்திரி 9 மணிக்கு மேக்கு சுவத்துல உள்பக்கமா உள்ளங்கைய வச்சுப் பாருங்க, அடுத்து வடக்கு சுவத்துல வைங்க, எந்த மீட்டரும் இல்லாமலே வித்தியாசம் கைக்கு தெரியும். ஜன்னல் கண்டிப்பா வேணும்னா வெளிப்பக்கமா மூடுற மரச்சட்டம், மூங்கில் தட்டி, கொடி படர விட்ட கம்பி வலை, கொஞ்சம் தள்ளி மரம்னு ஏதாவது ஒண்ணு வைங்க. உள்ள போடுற கர்ட்டன் வெளிச்சத்த குறைக்கும் ஆனா கண்ணாடிய தாண்டி வந்த சூடு உள்ளதான் இருக்கும், மறைப்பு எப்பவும் கண்ணாடிக்கு வெளிய இருக்கணும்.

மேல் தளம்தான் பெரிய அடுப்பு

சூடான ஊர்ல, அதுவும் ஒரு மாடி வீட்டுல, மதிய வெயில் நேரா இறங்குறது தளத்து மேலதான். வெறும் 15 செ.மீ கான்கிரீட் ஸ்லாப் சூட்ட தாராளமா கடத்தும், அது மேல சூட்ட தடுக்குற 5 செ.மீ இன்சுலேஷன் போர்டு போட்டீங்கன்னா உள்ள கடந்து வர்ற சூடு ஏறக்குறைய ஏழுல ஒரு பங்கா குறைஞ்சிடும். இன்சுலேஷன ஸ்லாப்போட மேல் பக்கம் போடணும், கீழ சீலிங்ல ஒட்டினா கான்கிரீட் வெயில்ல காஞ்சுக்கிட்டே இருக்கும், தளமும் விரிஞ்சு சுருங்கி சீக்கிரம் விரிசல் விடும். அதுக்கு மேல வெள்ளை ஓடோ வெள்ளை கோட்டிங்கோ கண்டிப்பா போடுங்க, நல்ல புது வெள்ளை பரப்பு விழுற வெயில்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பும், கருப்புத் தளம் 10 சதவீதம் கூட அனுப்பாது. தூசி படிஞ்சா வெள்ளையோட வேலை குறையும், அதனால வர்ஷம் ஒரு தடவை கழுவுங்க. சாய்வுக் கூரைன்னா ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவுல காத்து கீழருந்து புகுந்து முகட்டு வழியா வெளிய போற மாதிரி சந்து விடச் சொல்லுங்க.

ஸ்லாப் போடுறதுலயே கான்கிரீட்ட குறைக்க ஒரு வழி இருக்கு, ஃபில்லர் ஸ்லாப். ஸ்லாப்போட கீழ்ப்பாதில கான்கிரீட்டுக்கு பெருசா வேலை இல்ல, அங்க இழுவைய தாங்குறது கம்பிதான், அதனால கம்பிகளுக்கு நடுவுல பழைய ஓடு, கவுத்து வச்ச மண் சட்டி இப்படி ஏதாவது வச்சு மேல கான்கிரீட் ஊத்துவாங்க. கான்கிரீட்டும் மிச்சம், உள்ள அடைஞ்ச காத்தால சூடும் கொஞ்சம் குறையும். ஆனா இது இன்ஜினியர் டிராயிங் இல்லாம பண்ற வேலை கிடையாது, கம்பி இடைவெளி சரியா இருக்கணும், இத ஏற்கெனவே பண்ணின ஆளா பாத்து புடிங்க.

சுவரு: கனமா, லேசா?

இதுக்கு பதில் ஊரோட காத்துலதான் இருக்கு. பகல் கொதிச்சு ராத்திரி நல்லா குளிர்ற வறண்ட இடம்னா தடிச்ச சுவரு அருமையா வேலை செய்யும், 23 செ.மீ செங்கல் சுவத்துல வெளிய பட்ட சூடு உள்ள வந்து சேர ஏழெட்டு மணி நேரம் ஆகும், அதுக்குள்ள வெளிய குளிர்ந்துடும், ஜன்னல திறந்து விட்டா சுவரும் குளிர்ந்துடும், காலைல திரும்ப மூடிடுங்க. ராத்திரியும் புழுக்கமாவே இருக்குற ஈரப்பத இடம்னா தடிச்ச சுவத்துக்கு குளிர நேரமே கிடைக்காது, அங்க நிழலும் காத்தோட்டமும் லேசான சுவரும்தான் சரி. குளிர் தேசம்னா இன்சுலேஷன் முதல்ல, அதுவும் சுவத்துக்கு வெளிப்பக்கம்.

கனமும் இன்சுலேஷனும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க, இந்தக் குழப்பம் கட்டுறவங்க கிட்டயே இருக்கு. 4 செ.மீ கார்க் போர்டு தடுக்குற சூட்ட தடுக்க கான்கிரீட்னா ஒன்றரை மீட்டர் தடிமன் வேணும். ஏஏசி பிளாக் மாதிரி காத்துக் குமிழி நிறைஞ்ச கல்லு சாதா செங்கல்ல விட நாலஞ்சு மடங்கு கம்மியா சூட்ட கடத்தும், எடையும் கம்மி, அதனால பீம், தூண், அஸ்திவாரம் எல்லாத்துலயும் கம்பி குறையும், ஆனா தண்ணி இழுக்கும், வெளிப்பூச்சு ஒழுங்கா இருக்கணும். செங்கல்தான் கிடைக்குதுன்னா கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பின ராட் ட்ராப் பாண்ட் முறைய கேளுங்க, கல்ல படுக்க வைக்காம குத்து வச்சு கட்டுறது, நடுவுல காலி இடம் வந்துடும், சுமார் கால்வாசி கல்லு மிச்சம், அந்த காலி இடத்து காத்து சூட்டையும் தடுக்கும்.

மண்ணு, சுண்ணாம்பு, சிமெண்ட், மரம்

உலகத்துல மனுஷன் வெளியேத்துற கார்பன் டை ஆக்சைடுல ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்ட்லருந்து வருது. அதுல பாதிக்கும் மேல சூளைக்கு எரிக்கிற எரிபொருளால வர்றது கூட இல்ல, சுண்ணாம்புக்கல்ல சுடும்போது கல்லுக்குள்ள இருந்தே வெளிய வர்றது, அதனால சூளைய எவ்வளவு நல்லா வச்சாலும் அந்தப் பகுதி போகாது. நம்ம கையில இருக்குறது சிமெண்ட்ட கம்மியா பயன்படுத்துறது. ஃப்ளை ஆஷோ (நிலக்கரி எரிச்ச சாம்பல்) இரும்பு ஆலை கசடோ கலந்த சிமெண்ட் வாங்குங்க, வீட்டு வேலைக்கு தாராளமா போதும், ஆனா அது இறுக கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால சென்ட்ரிங் பிரிக்க அவசரப்படக் கூடாது, தண்ணி ஊத்துறத இன்னும் கூடுதலா சில நாள் விடாம பண்ணணும்.

அஸ்திவாரம் தோண்டும்போது வர்ற மண்ண லாரி வச்சு வெளிய கொட்டுறாங்க, அதுவே சுவரா மாறலாம். ஒரு நேரான கண்ணாடி பாட்டில எடுங்க, மேல் மண்ண விட்டுட்டு அடியில இருக்குற மண்ண மூணுல ஒரு பங்கு போட்டு, தண்ணி ஊத்தி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, நல்லா குலுக்கி அசையாம வைங்க. ஒரு நிமிஷத்துல அடில படியுறது மணல், அந்த இடத்துல வெளிய பேனால கோடு போடுங்க, ஒரு ரெண்டு மணி நேரத்துல அது மேல படியுறது வண்டல், அங்க ரெண்டாவது கோடு, மறுநாள் தண்ணி தெளிஞ்சப்புறம் மேல வழவழன்னு உக்காந்திருக்குறது களிமண். மணல் பாதிக்கு மேலயும் களிமண் 10லருந்து 25 சதவீதத்துக்குள்ளயும் இருந்தா, 5லருந்து 8 சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷின்ல அழுத்தி மண் கல் அறுக்கலாம், சூளையே வேண்டாம், மூணு நாலு வாரம் ஈரத்துல வச்சா போதும். களிமண் ஜாஸ்தின்னா கல்லு காயும்போது வெடிக்கும், மணல் சேத்து சரி பண்ணலாம் இல்ல சிமெண்டுக்கு பதிலா சுண்ணாம்பு கலக்கலாம். இந்த பாட்டில் டெஸ்ட் முதல் கட்டம்தான், நாலஞ்சு கல்ல அறுத்து லேப்ல அழுத்திப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. மண் சுவரு எதுவா இருந்தாலும் பேஸ்மெண்ட் உயரமா இருக்கணும், கூரை நல்லா வெளிய நீட்டணும், மழை நேரா அடிக்கக் கூடாது.

பூச்சுக்கு சுண்ணாம்பு எனக்கு ரொம்ப பிடிச்ச பொருள். மெதுவாத்தான் இறுகும், ஆனா காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்துக்கிட்டே இறுகுது, சுவத்துக்குள்ள இருக்குற ஈரம் ஆவியா வெளிய போக வழி விடுது, அதனால பூஞ்சை புடிக்கிறது கம்மி. மண் சுவத்து மேல சிமெண்ட் பூச்சு போட்டா ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு பூச்சு பொளந்து விழும். அதே மாதிரி சுண்ணாம்பு பூச்சு மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா அதோட நல்ல குணமே போயிடும்.

மரம் வாங்குறதுன்னா பழைய கட்டடம் இடிச்ச மரம் முதல் சாய்ஸ், நல்லா காஞ்சிருக்கும், இனிமே வளையாது, புது மரம்னா பராமரிச்ச காட்டுலருந்து வந்ததுக்கு சான்றிதழ் கேளுங்க. மூங்கில் மூணுலருந்து அஞ்சு வர்ஷத்துல முத்திடும், போராக்ஸ் போரிக் ஆசிட் கரைசல்ல ஊற வச்சதுதான் வாங்கணும், பச்சை மூங்கில பூச்சி விடாது. அலுமினியம் ஜன்னல்னா மறுசுழற்சி பண்ணினதா பாருங்க, புதுசா எடுக்குறத விட 95 சதவீதம் கம்மி எனர்ஜிதான் அதுக்கு ஆகுது. வைக்கோல் கட்டு, ஹெம்ப் செடித் தண்டையும் சுண்ணாம்பையும் கலந்து செய்ற ஹெம்ப்கிரீட் மாதிரி பொருள் குளிர் ஊருக்கு நல்ல இன்சுலேஷன், ஆனா ஹெம்ப்கிரீட் பாரம் தாங்காது, தனியா சட்டம் வேணும், வைக்கோல் நனையவே கூடாது. எந்தப் பொருளா இருந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து லாரில வந்தா அதுக்கு பசுமைன்னு பேர் வைக்கிறதுல அர்த்தம் இல்ல, பக்கத்துல எது கிடைக்குதோ அதுலருந்து ஆரம்பிங்க.

ஜன்னலும் காத்தும்

காத்து வர்றதுக்கு ஒரு வாசல் இருந்தா மட்டும் வராது, போறதுக்கும் வேணும். ஒவ்வொரு ரூமுக்கும் ரெண்டு பக்கம் திறப்பு இருக்கான்னு பிளான்ல பென்சிலால கோடு இழுத்துப் பாருங்க, கோடு எந்த ரூம்ல முட்டி நிக்குதோ அங்க கதவுக்கு மேல வென்டிலேட்டர் போடுங்க. காத்து உள்ள வர்ற ஜன்னல் கொஞ்சம் சின்னதா, வெளிய போற ஜன்னல் பெருசா இருந்தா ரூமுக்குள்ள வேகம் கூடும். ஸ்லைடிங் ஜன்னல் அழகா இருக்கும், ஆனா எப்பவுமே பாதிதான் திறக்கும், காத்து முக்கியம்னா வெளிய திறக்குற கதவு ஜன்னல்தான். படிக்கட்டு உச்சில ஒரு திறப்பு விடுங்க, சூடான காத்து மேல ஏறி அது வழியா போயிடும், பூச்சி வலையும் மழை மறைப்பும் மறக்காதீங்க. வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு, ஜன்னலோட மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம் வரைக்கும்தான் பகல் வெளிச்சம் உள்ள நல்லா போகும், 2.1 மீட்டர் உயரம்னா நாலரை அஞ்சு மீட்டர், அதுக்கு மேல ஆழமா ரூம் வச்சீங்கன்னா பகல்லயே லைட் எரியும்.

குளிர் ஊர்ல அடைப்புதான் எல்லாம். ஒத்தைக் கண்ணாடி வேண்டாம், ரெண்டு இல்ல மூணு அடுக்கு கண்ணாடி போடுங்க, ஸ்லாப்ப அப்படியே வெளிய நீட்டி பால்கனி போட்டா அது வழியா சூடு ஓடிடும், நடுவுல தடுப்பு வேணும். 1991ல ஜெர்மனில டார்ம்ஸ்டாட் நகரத்துல கட்டின, ஹீட்டரே பெருசா தேவைப்படாத முதல் பாசிவ் ஹவுஸ்லருந்து வளந்த அந்த ஸ்டாண்டர்டுல, ஒரு சதுர மீட்டருக்கு வர்ஷத்துக்கு 15 யூனிட்டுக்கு மேல ஹீட்டிங் தேவைப்படக் கூடாதுன்னு வச்சிருக்காங்க, வீட்டுக்குள்ள ஃபேன் வச்சு 50 பாஸ்கல் அழுத்தம் குடுத்து சோதிக்கும்போது மணிக்கு வீட்டுக் காத்துல 0.6 பங்குக்கு மேல கசியக் கூடாது. இவ்வளவு இறுக்கமா மூடினா வெளிய போற காத்தோட சூட்ட உள்ள வர்ற காத்துக்கு மாத்தி குடுக்குற வென்டிலேஷன் மெஷின் கட்டாயம், இல்லேன்னா மூச்சு முட்டும், சுவத்துல பூஞ்சை வரும். ஏசி ஓடுற வீட்டுலயும் கசிவு நஷ்டம்தான், காத்து அடிக்கிற நாள்ல ஊதுபத்திய கொளுத்தி ஜன்னல் சட்டத்த சுத்தி மெதுவா கொண்டு போங்க, புகை எங்க வளையுதோ அங்க அடைக்கணும்.

இப்போதான் மெஷின்

பழைய ஃபேன் 75 வாட், கம்மி கரண்ட்ல ஓடுற மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட் மாதிரி. அஞ்சு ஃபேன் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா மாசத்துக்கு 80 யூனிட் வித்தியாசம், இது சும்மா கிடைக்கிற மிச்சம். சுடுதண்ணிக்கு சோலார் ஹீட்டரோ, வெளிக் காத்துல இருக்குற சூட்ட எடுத்து தண்ணிய சுட வைக்கிற ஹீட் பம்ப்போ போடுங்க, ஹீட் பம்ப் சாதா கீசர் எடுக்குற கரண்ட்ல மூணுல ஒரு பங்குதான் எடுக்கும், பாத்ரூமும் கிச்சனும் முதுகு முதுகா வச்சா பைப் நீளம் குறைஞ்சு சூடும் வீணாகாது. ஏசி சைஸ நிழலும் இன்சுலேஷனும் முடிவானப்புறம் கணக்கு பண்ணச் சொல்லுங்க, முன்னாடியே சொன்னா பெருசாத்தான் சொல்லுவாங்க.

சோலாருக்கு இன்னைக்கு ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 5 சதுர மீட்டர் பேனல் ஆகுது, நடக்க வழி விட்டா இன்னும் கொஞ்சம் கூட. தண்ணி டேங்கோட, படிக்கட்டு ரூமோட நிழல் பேனல் மேல விழாத பக்கம் வைங்க, வட பாதில இருக்குறவங்க டேங்க வடக்கு ஓரமா தள்ளிடுங்க. பேனல் 25 டிகிரிக்கு மேல சூடாகுற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் உற்பத்தி குறையும், அதனால தளத்தோட ஒட்டாம உயர்த்தி மாட்டுங்க, அடில காத்தும் போகும் தளத்துக்கு நிழலும் கிடைக்கும். இப்போ பட்ஜெட் இல்லேன்னாலும் மாடிலருந்து மெயின் போர்டு வரைக்கும் ரெண்டு காலி பைப்ப சுவத்துக்குள்ள விட்டு வைங்க. மழைத் தண்ணி பைப்பும் இதே நேரத்துல முடிவு பண்ணணும், 100 சதுர மீட்டர் தளத்துல 10 மி.மீ மழை பெஞ்சா 1000 லிட்டர், அந்த கணக்குல தொட்டிய போடுங்க.

வேலை நடக்கும்போது மேஸ்திரி கிட்ட இத ஏன் பண்றோம்னு உக்காந்து ஒரு தடவை பேசுங்க, காரணம் தெரிஞ்ச ஆளு சந்து விடாம வேலை பாப்பாரு. இன்சுலேஷன் போர்டு மூடுறதுக்கு முன்னாடி நீங்களே மாடி ஏறி ஒவ்வொரு இணைப்பா பாருங்க, ரெண்டு போர்டுக்கு நடுவுல விரல் போற இடைவெளி இருந்தா அங்க தனியா அடைக்கச் சொல்லுங்க, ஜன்னல் சட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்குற இடுக்கு பூச்சுக்கு முன்னாடியே நிரம்பணும். பூச்சு போடுறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு சுவத்தையும் அளவு டேப்ப பக்கத்துல வச்சு ஃபோட்டோ எடுத்து ரூம் பேரோட சேத்து வைங்க, நாளைக்கு ஒரு பைப்போ வயரோ தேடும்போது சுவத்த உடைக்காம நேரா அந்த இடத்துக்கே போகலாம்.